கெட்டிமேளம் கொட்டியவர் யார்?

வில்லியனூர், பாகூர் பக்கத்து மேளக்காரர்களின் கதை

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

கலியாணப் பந்தலில் இந்தக் குரல் கேட்டதும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். மாப்பிள்ளையின் கை தாலியைத் தொடுகிறது. அட்சதை பறக்கிறது. அதே கணத்தில் பந்தலின் ஓரத்தில் இருந்து ஒரு முழக்கம் எழுகிறது. நெஞ்சே அதிர்கிறது!

அந்த நேரத்தில் யாராவது தும்மினாலும் கேட்காது. யாராவது வேண்டாத சொல்லைச் சொன்னாலும் மணமக்கள் காதில் விழாது. அதற்காகத்தான் அந்த முழக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

மறுநாள் அதே கலியாண வீட்டில் விசாரித்துப் பாருங்கள். சமையல்காரர் பெயர் தெரியும். படம் பிடித்தவர் பெயர் தெரியும். பந்தல் போட்டவர் பெயரும் தெரியும். மேளம் கொட்டியவர் யார்?

"யாரோ பக்கத்து ஊர்க்காரராம். நன்றாகத்தான் வாசித்தார்."

அவ்வளவுதான் பதில்!

இரண்டு ஊர்கள்

புதுச்சேரி நகரத்திலிருந்து மேற்கே விழுப்புரம் போகும் சாலையில் ஏறக்குறைய 10 கிலோமீட்டர் போனால் வில்லியனூர். தென்மேற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் பாகூர். இரண்டும் கொம்யூன் பஞ்சாயத்துகளின் தலைமை ஊர்கள். பிரெஞ்சுக்காரர் வைத்த 'கொம்யூன்' என்ற பெயர், அவர்கள் போன பிறகும் அப்படியே நின்றுவிட்டது.

வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில். அம்மன் கோகிலாம்பாள். வைகாசியில் தேர்த் திருவிழா. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த தேர் இது. பிரெஞ்சுக்காரர் 1954-ல் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். வடம் பிடிக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. அது இன்று துணைநிலை ஆளுநரிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

பாகூரில் மூலநாதர் கோயில். சோழர் காலத்துக் கல்வெட்டுகள் நிறைந்த கோயில். ஊரை ஒட்டி ஒரு பெரிய ஏரி. சுற்றிலும் நெல் வயல்கள். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்திலேயே இங்கே ஒரு கல்விச்சாலை இருந்தது. அதற்குக் கிராமங்கள் தானமாகக் கிடைத்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது.

வயலும் கோயிலும் இருக்கும் இடத்தில் மேளம் இல்லாமல் இருக்குமா? இந்த இரண்டு கொம்யூன்களிலும், சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம், தவில் வாசித்து வரும் குடும்பங்கள் உண்டு. காதுகுத்தா, மஞ்சள் நீராட்டா, கும்பாபிஷேகமா, கூப்பிடு மேளத்தை!

கூப்பிடுவதெல்லாம் சரி. பெயரை யார் கேட்கிறார்கள்?

டில்லி கேட்ட தவில்

டில்லி ஒரு முறை கேட்டது!

2025-ஆம் ஆண்டு குடியரசு தினத்தை ஒட்டி பத்ம விருதுப் பட்டியல் வெளியாயிற்று. அதில் பத்மஸ்ரீ விருதுக்கு உரியவராகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு தவில் வித்வான் பெயர் இருந்தது. அவர் பி. தட்சணாமூர்த்தி. 50 ஆண்டுகளுக்கும் மேலாகத் தவில் வாசிப்பவர்.

பட்டியலைப் பார்த்துப் பலர் புருவத்தை உயர்த்தினார்கள். "நம் புதுச்சேரியிலா? யார் அவர்?" என்று கேட்டார்கள். அரை நூற்றாண்டாக ஒருவர் வாசித்திருக்கிறார். டில்லி சொன்ன பிறகுதான் பக்கத்துத் தெரு திரும்பிப் பார்க்கிறது!

அந்த ஆண்டுப் பட்டியலில் இன்னொரு விசேஷமும் உண்டு. மதுரைப் பக்கத்துப் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ. மிருதங்க வித்வான் குருவாயூர் துரைக்கும் பத்மஸ்ரீ. கோயிலில் முழங்கும் தவில், தெருவில் அதிரும் பறை, சபாவில் ஒலிக்கும் மிருதங்கம். மூன்று தோல் வாத்தியங்களும் ஒரே பட்டியலில் சேர்ந்து உட்கார்ந்தன. மேடையில்கூட இவை மூன்றும் இப்படிச் சேர்ந்து உட்காருவது அபூர்வம்!

விரலுக்குக் கவசம்

தவிலைத் தூரத்தில் இருந்துதான் நாம் பார்க்கிறோம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

பலா மரத்தைக் குடைந்து செய்த உடல். இரண்டு பக்கமும் தோல். முன்காலத்தில் மூங்கில் வளையம், தோல் வார் இவற்றால் இழுத்துக் கட்டுவார்கள். இப்போது இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டன. இதனால் சத்தம் கணீரென்று கேட்கிறது. ஆனால் தவிலின் கனமும் கூடிவிட்டது. அந்தக் கனத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நான்கு வீதியும் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். சாமியைத் தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்வார்கள். தவில்காரர் யாரிடம் மாற்றுவார்?

இடது பக்கத்தை ஒரு குட்டையான கழியால் அடிப்பார்கள். பூவரசு மரத்தில் செய்த கழி அது. வலது பக்கத்தை விரல்களால் வாசிப்பார்கள். வெறும் விரல் அல்ல. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு 'கூடு' உண்டு. துணியைப் பசை தடவிச் சுற்றி, காய வைத்து, கல் மாதிரி இறுகச் செய்த தொப்பி அது. விரலுக்குக் கவசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டை மாட்டிக்கொண்டு அடித்தால்தான் அந்த 'பளீர்' என்ற ஓசை வரும்.

இனி கணக்கைப் பார்ப்போம். தவில் அடிப்பது வெறும் பலத்தால் அல்ல, கணக்கால்!

'தகிட' என்றால் 3. 'தகதிமி' என்றால் 4. 'தகதகிட' என்றால் 5. மூன்றையும் நான்கையும் சேர்த்தால் 7. நான்கையும் ஐந்தையும் சேர்த்தால் 9. இந்த ஐந்து எண்களை வைத்துக்கொண்டுதான் தவில்காரர் மாளிகை கட்டுகிறார்.

ஆதி தாளம் என்பது 8 எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இதை வீட்டில் குழந்தைகள்கூடப் போட்டுப் பழகலாம். தவில்காரர் என்ன செய்கிறார்? அந்த எட்டுக்குள் மூன்றையும் ஐந்தையும் ஏழையும் ஓடவிடுகிறார். தாளத்தை விட்டு எங்கோ போய்விட்டார் என்று நாம் பயப்படும்போது, டக்கென்று முதல் தட்டில் வந்து நிற்கிறார். கூட்டம் "ஆகா!" என்கிறது.

இரண்டு தவில்காரர்கள் உட்கார்ந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. ஒருவர் நீளமாக ஒன்று வாசிப்பார். மற்றவர் அதே அளவில் பதில் சொல்வார். பிறகு அளவு பாதியாகும். அப்புறம் கால் ஆகும். குறைந்து குறைந்து கடைசியில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து முழக்குவார்கள். இதற்குக் 'குறைப்பு' என்று பெயர். கணக்கில் ஓர் அரிசி அளவு பிசகினாலும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மூடி மறைக்க வழியே இல்லை.

யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி என்று ஒரு தவில் மேதை இலங்கையில் இருந்தார். 1933-ல் பிறந்து 1975-ல் மறைந்தவர். மிருதங்கச் சக்கரவர்த்தி பாலக்காடு மணி ஐயரே அவருடைய வாசிப்பைக் கேட்டு வியந்து பாராட்டினார். தவிலை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் மந்திரம் போல. மற்றவர்களைக் கேட்டால் விழிப்பார்கள்.

பழைய வீட்டு உத்தரம்

தவில் இப்படி என்றால், நாதஸ்வரம் ஒரு தனி உலகம்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் நரசிங்கம்பேட்டை என்று ஒரு சிற்றூர். அங்கே கடைந்து செய்யும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் செய்வார்கள். புது மரம் உதவாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரம், தூண் இவற்றைத் தேடி வாங்குவார்கள். பல வருஷம் வெயில் மழை பார்த்துக் காய்ந்த மரம்தான் பாடும்!

வாயில் வைத்து ஊதும் சிறு துண்டுக்குச் சீவாளி என்று பெயர். நாணல் தட்டையில் செய்வது. அதை நூலில் கோத்து நாதஸ்வரத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். கச்சேரி நடுவில் ஒரு சீவாளி சண்டித்தனம் செய்தால் உடனே அடுத்ததை மாற்ற வேண்டும் அல்லவா?

குழலில் விரல் வைத்து வாசிக்க 7 துளைகள். கீழே இன்னும் 5 துளைகள். அந்த ஐந்தில் மெழுகை அடைத்துச் சுருதியைச் சரி செய்வார்கள். ஆர்மோனியம் போல இதற்குக் கட்டைகள் கிடையாது. நுண்ணிய ஸ்வரங்களை எல்லாம் மூச்சாலும் உதட்டாலும்தான் வரவழைக்க வேண்டும். அதனால்தான் பத்து வருஷம் சாதகம் செய்தாலும் "இப்போதுதான் பிடிபடுகிறது" என்கிறார்கள் வித்வான்கள்.

நாளுக்கு ஒரு ராகம் அல்ல. நேரத்துக்கு ஒரு ராகம்! விடியற்காலையில் பூபாளம், பௌளி. மாலையில் பூர்விகல்யாணி. இரவு வீதி உலாவில் தோடி, காம்போதி. பள்ளியறையில் சாமியைத் தூங்க வைக்க நீலாம்பரி. கடிகாரம் இல்லாத காலத்தில் கிராமத்து ஜனங்கள் கோயில் நாயனத்தைக் கேட்டே மணி தெரிந்துகொண்டார்கள்.

கல்லில் வெட்டிய பெயர்

கலைஞனின் பெயரை யாரும் கேட்பதில்லை என்பது எப்போதும் இருந்த வழக்கமா? இல்லை.

ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான். 1014-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு பெரிய கல்வெட்டும் வெட்டி வைத்தான். அதில் கோயிலுக்கு வரவழைத்த 400 ஆடல் மகளிரின் பெயர்கள் இருக்கின்றன. யார் எந்தத் தெருவில், எந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும் இருக்கிறது. பாடுகிறவர்கள், மத்தளம் கொட்டுகிறவர்கள், உடுக்கை அடிக்கிறவர்கள், சங்கு ஊதுகிறவர்கள் என்று மற்றவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

சம்பளமும் உண்டு. ஒரு பங்கு என்றால் ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் நிலம். பங்குக்காரர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினருக்கு அந்த வேலை போகும். உறவினருக்குத் தகுதி இல்லையா? தகுதி உள்ள வேறொருவரை அவர் அமர்த்த வேண்டும். வேலையும் நிற்கக் கூடாது, தரமும் குறையக் கூடாது என்று அரசன் யோசித்திருக்கிறான்!

ஆயிரம் வருஷம் கழித்து நம் கலியாணப் பத்திரிகைகளைப் பாருங்கள். மாமன், மச்சான், அத்தை, சித்தப்பா என்று முப்பது பெயர்கள். மேளக்காரர் பெயருக்கு மட்டும் இடம் போதவில்லை.

ஊதியது சிவாஜியா?

சினிமாவிலும் இதே கதைதான்.

1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படம் வந்தது. சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி நடித்தார். தவில்காரராக பாலையா வந்தார். கன்னம் உப்ப, கண் சிவக்க சிவாஜி நாதஸ்வரம் வாசிப்பதைப் பார்த்து ஊரே மயங்கியது. உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும். படத்தைப் பத்து முறை பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

அதற்கு முன்பு 1962-ல் 'கொஞ்சும் சலங்கை'. அதில் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்ட நாதஸ்வரம் காருகுறிச்சி அருணாசலத்தினுடையது. அவரும் 1964-ல், 43 வயதிலேயே போய்ச் சேர்ந்தார்.

மரியாதைக்காகச் சண்டை போட்ட வித்வான் ஒருவர் உண்டு. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை! 1898 முதல் 1956 வரை வாழ்ந்தவர். தலைமுடியைக் கிராப் வெட்டிக்கொண்டார். கோட்டுப் போட்டுக்கொண்டார். "பாட்டுக்காரர் மேடையில் உட்கார்ந்து கச்சேரி செய்கிறார். நாயனக்காரன் ஏன் நிற்க வேண்டும்?" என்பது அவர் கட்சி. தாமும் மேடையில் உட்கார்ந்தே வாசித்தார். 1947-ல் சுதந்திரம் வந்தபோது டில்லியில் அவருடைய நாதஸ்வரம் ஒலித்தது.

வடக்கே ஷெனாய் என்று ஒரு வாத்தியம். நாதஸ்வரத்துக்குத் தம்பி முறை என்று சொல்லலாம். அதை வாசித்த பிஸ்மில்லா கானுக்கு 2001-ல் பாரத ரத்னா கிடைத்தது. அவர் அதற்கு முழுத் தகுதி உள்ளவர். சந்தேகமே இல்லை. ஆனால் அண்ணன் வாத்தியத்தை வாசித்த யாருக்கும் அந்த விருது கிடைத்ததில்லை.

பொத்தானை அமுக்கினால் மேளம்!

இப்போது வில்லியனூர், பாகூர் பக்கம் திரும்புவோம்.

கிராமத்து மேளக்காரருக்கு முதல் எதிரி ஓர் இயந்திரம். கோயில் சுவரில் ஒரு பெட்டி. அதில் ஒரு முரசு, இரண்டு மணிகள். பொத்தானை அமுக்கினால் 'டாங் டாங்' என்று தானே அடிக்கும். தீபாராதனைக்கு ஆள் வேண்டாம். சம்பளம் வேண்டாம். மின்சாரம் போதும். ராகம் கிடையாது, கணக்கும் கிடையாது. இரைச்சல் உண்டு. பல கோயில்களில் அன்றாடப் பூசைக்கு இன்று இதுதான் மேளம்.

இரண்டாவது, கேரளத்துச் செண்டை மேளம். அது நல்ல கலைதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெள்ளை வேட்டி கட்டி இருபது பேர் வரிசையாக நின்று அடித்தால் படம் பிடிக்க அழகாக இருக்கிறது. அதனால் கட்சி ஊர்வலமா, கடை திறப்பா, ஊர்த் திருவிழாவா, அங்கே செண்டை வந்துவிடுகிறது. அதற்குப் பெரிய தொகை கொடுக்கிறவர்கள், உள்ளூர் மேளக்காரரிடம் மட்டும் பேரம் பேசுகிறார்கள். இதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது, பாட்டுக் கச்சேரியும் ஒலிபெருக்கியும். கலியாண வரவேற்பில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்து மெல்ல விரிக்க ஆரம்பிப்பார். அதற்குள் ஒரு பையன் ஓடி வருவான்.

"அண்ணே, போதும் நிறுத்துங்க. பாட்டுக் கச்சேரிக்காரங்க வந்துட்டாங்க."

ராகம் பாதியில் நிற்கும். அவர் சீவாளியைக் கழற்றித் துடைத்து வைப்பார். பந்திக்குப் போகச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

வருமானமும் சீராக வருவதில்லை. முகூர்த்த மாதங்களில் ஒரே நாளில் நான்கு வீட்டில் கூப்பிடுவார்கள். ஒன்றுக்குத்தான் போக முடியும். ஆடி, மார்கழியில் கலியாணம் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்கள் கொஞ்சம் கை கொடுக்கும். மற்ற நாளில் வயல் வேலை, கட்டட வேலை, கிடைத்த வேலை.

2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஒரு வருஷச் சாப்பாட்டைச் சம்பாதிக்கும் மாதங்கள் அவை. கலியாணங்கள் வீட்டுக்குள் நடந்தன. திருவிழாக்கள் நின்றன. தவிலை உறையில் போட்டு மூலையில் வைத்துவிட்டு வேறு தொழிலுக்குப் போனவர்கள் உண்டு. போனவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை.

பிள்ளைகளும் யோசிக்கிறார்கள். அப்பா படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? சேதராப்பட்டுப் பக்கம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தால் மாதம் பிறந்ததும் சம்பளம். தவில் கற்றுக்கொள்ளப் பல வருஷம். அப்புறமும் "பேரம்". அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

கற்றுக்கொள்ள வழி இல்லாமல் போகவில்லை. முன்பு குருவின் வீட்டிலேயே தங்கி, அவருக்கு வேலை செய்துகொண்டே கற்றார்கள். இன்று பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் நடக்கும் அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்று வருஷப் பாடம். பாகூருக்கு அருகில் உள்ள கடலூரிலும், வில்லியனூர்ச் சாலை போய்ச் சேரும் விழுப்புரத்திலும் அத்தகைய பள்ளிகள் உண்டு. இந்த இரண்டு வாத்தியங்களையும் கற்க எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பது விதி. புதுச்சேரியில் அரியாங்குப்பத்தில் அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இசை, நடனம், ஓவியம் கற்றுத் தருகிறது.

மேளக்காரர்களைப் போலவே பெயர் தெரியாமல் வாசிப்பவர்கள் இன்னும் உண்டு. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு முன் இரவெல்லாம் நடக்கும் பாரதக் கூத்தில் முகவீணை ஊதுகிறவர், மாரியம்மன் கோயிலில் பம்பையும் உடுக்கையும் அடிக்கிறவர், சாவு வீட்டில் விடிய விடியப் பறை அடிக்கிறவர். அவர்களைப் பற்றித் தனியே ஒரு நாள் எழுத வேண்டும்.

தேருக்கு முன்னால்

வைகாசியில் வில்லியனூர்த் தேர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் வடத்தைப் பார்ப்பார்கள். யார் வடம் பிடிக்கிறார் என்று பார்ப்பார்கள். நீங்கள் கொஞ்சம் முன்னதாகவே போங்கள்.

சாமி புறப்படும் முன்பு தவில் மட்டும் தனியாக முழங்கும். அதற்கு அலாரிப்பு என்று பெயர். அதை அடுத்து நாதஸ்வரத்தில் மல்லாரி. கம்பீர நாட்டை ராகம். பாட்டுச் சொற்கள் கிடையாது, ஸ்வரம்தான். முதலில் மெதுவாக வரும். பிறகு அதே வரி இரட்டை வேகத்தில் வரும். அப்புறம் அதற்கும் இரட்டை. கையில் எட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள்.

ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம். மேளக்காரர்களுக்குப் பக்கவாட்டில், பத்தடி தள்ளி நில்லுங்கள். அங்கேதான் தவிலின் இரண்டு பக்க ஓசையும் தனித்தனியாகக் கேட்கும். தேர் நகர்ந்த பிறகு, அடுத்த திருப்பத்தில் அவர்கள் ஒரு நிமிஷம் நிற்பார்கள். தவில்காரர் விரலில் இருந்து கூட்டைக் கழற்றி, தோள் துண்டால் முகத்தைத் துடைப்பார்.

அப்போது அவரிடம் பெயரைக் கேட்கலாம். சொல்வார்.